கிணற்றோரம் ஒரு நாற்காலி

4

பௌர்ணமிக்கு மறுநாள் திருவண்ணாமலையே நொண்டும்.

பால்காரர் நொண்டுவார். பூக்கட்டுகிற பெண் நொண்டுவாள். டிராஃபிக் கான்ஸ்டபிள் ஒரு காலில் நின்றுகொண்டு மறு காலுக்கு ஓய்வு கொடுப்பார். ராத்திரி முழுக்க மலையைச் சுற்றிவிட்டு ஊர் திரும்ப பஸ் கிடைக்காத ஜனம், பங்குனி வெயிலில் வேட்டி காயப்போட்ட மாதிரி பிளாட்பாரத்தில் வரிசையாகக் கிடக்கும்.

வினோதினியும் நொண்டினாள். ஆனால் அவள் நொண்டியது பக்தியினால் அல்ல. ஆரணி மாப்பிள்ளை ஒருவன் தனியாகத்தான் கிரிவலம் போகிறானா, இல்லை கூடவே யாராவது வருகிறார்களா என்று பார்த்துச் சொல்வது நேற்றைய வேலை. ஊரே வெறுங்காலில் நடக்கும்போது செருப்போடு ஒருத்தி பின்தொடர்ந்தால் குருடனுக்கும் தெரியும். அதனால் மலையை முழுசாக ஒரு சுற்று, வெறுங்காலில். அந்தப் பையன் வழியெல்லாம் கைபேசியைக்கூட எடுக்கவில்லை. இப்படி ஒரு நல்லவனை அவள் தொழிலில் பார்த்ததே இல்லை. அந்த எரிச்சலும் கால் எரிச்சலோடு சேர்ந்துகொண்டது.

அவளுடைய ஆபீஸ் போர்டில் 'துப்பறியும் நிபுணர்' என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். வருகிற வேலையில் முக்கால்வாசி கல்யாண விசாரணை. பையன் குடிப்பானா, பெண்ணுக்கு முன்னால் நிச்சயமாகி நின்றதா, குடும்பம் எப்படி. இன்றைக்கும் அதேதான். பெண் பெயர் மணிமொழி, நர்ஸ். போளூர் மாப்பிள்ளை வீட்டார் நாளை பூ வைக்க வருகிறார்கள். அதற்கு முன், இன்று சாயந்திரத்துக்குள் அறிக்கை வேண்டும். பெண்ணைப் பற்றி விசாரித்தாயிற்று, தங்கம். அம்மாவைப் பற்றி விசாரித்தாயிற்று, வெள்ளி. அப்பா காசி வேலை செய்கிற வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போய்ப் படுத்துவிடலாம்.

"மேடம், வண்டியில ஏறறப்பவே 'அம்மா'ன்னு கத்துறீங்க. எறங்கறப்ப யாரக் கூப்புடுவீங்க?" என்றான் அப்பாசாமி. பாதி ஆட்டோ டிரைவர், பாதி அசிஸ்டென்ட். வாய் மட்டும் முழுசு.

"உங்கப்பாவ. ஓட்டு."

செங்கம் ரோட்டில் ஆசிரமம் தாண்டி உள்ளே திரும்புகிற தெரு. காபி கடை வாசலில் ஒரு வெள்ளைக்காரர் தன் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அதையே தியானம் செய்துகொண்டிருந்தார். அதற்கு நாலு வீடு தள்ளி கோதண்டராமன் வீடு. மாடியில் வாடகை ரூம்கள், கீழே குடும்பம், பின்னால் தோட்டம்.

கதவைத் திறந்த பெரியவருக்கு அறுபதைத் தாண்டிய வயசு. நெற்றி நிறைய விபூதி, வெற்று மார்பில் துண்டு. வினோதினி வழக்கமான பொய்யைச் சொன்னாள்.

"வணக்கங்க. நாங்க ஒரு லாட்ஜ் வெச்சிருக்கோம். காசின்னு ஒருத்தர் வாட்ச்மேன் வேலை கேட்டிருக்கார். உங்ககிட்டதான் வேலை செய்யறாராமே, ஆள் எப்படி?"

கோதண்டராமன் அவளையே பார்த்தார். "இன்னிக்கு வந்து கேக்கறியேம்மா" என்றார்.

அவர் மேற்கொண்டு சொல்லுமுன் பக்கத்து மொட்டை மாடியிலிருந்து ஒரு பெண் குரல் குதித்தது. "வேலைக்கா? அந்தத் திருட்டுப் பயலையா? மொதல்ல ஐயாவோட மீன் எங்கன்னு அவனக் கேளுங்க!"

"மீனா?" என்றான் அப்பாசாமி. "எத்தினி கிலோ?"

"கிலோவா?" கோதண்டராமன் முகம் சுருங்கியது. "வாங்க, காட்டறேன்."

வீட்டைச் சுற்றித் தோட்டத்துக்குப் போகிற பாதை முழுக்கக் கருங்கல் ஜல்லி கொட்டியிருந்தது. பெரியவர் வெறுங்காலோடு அதன்மேல் விறுவிறுவென்று நடந்தார். வினோதினி செருப்போடு நடந்தும் ஒவ்வொரு கல்லும் உச்சந்தலையில் வந்து தட்டியது.

"ஐயாவுக்கு காலா, லாரி டயரா?" என்று முணுமுணுத்தான் அப்பாசாமி.

"பழக்கம்" என்றாள்.

பின்கட்டு வராந்தாவில் அவர் மனைவி ராஜம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் பேசினில் வெந்நீர் ஊற்றி இரண்டு பாதங்களையும் அதில் முக்கியிருந்தார். பக்கத்தில் இன்னொரு பேசின். அதிலும் தண்ணீர், யாரும் காலை வைக்காமல் ஆறிக்கொண்டிருந்தது. ஜன்னல் விளிம்பில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வாத்து. வாத்து என்று சொல்ல முடியாது, பின்பாதிதான் இருந்தது.

தோட்டத்தில் அவர் குளம் என்று காட்டியது ஒரு சிமெண்ட் தொட்டி. ஆனால் ஒரு மினி லாரியை உள்ளே இறக்கி நிறுத்தலாம். பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. படியில் ஒரு சங்கிலி தொங்கியது, அதன் நுனியில் ஒன்றுமில்லை.

"விரல் நீளத்துல வாங்கினேம்மா. ஹால்ல கண்ணாடித் தொட்டியில விடலாம்னு. கடைக்காரன் அலிகேட்டர் கார்ங்கற மீனுன்னு சொன்னான், முதல மாதிரி வாயி. அது வளந்து தொட்டிய ஒடைச்சுது. சரின்னு இங்க வெட்டினேன். அஞ்சடி இருப்பான் துரை."

"துரையா?"

"பேரு."

"கூட வேற மீனே இல்லீங்களா?" என்றான் அப்பாசாமி.

"இருந்துது. செவப்பு வால் கெளுத்தி ரெண்டு, விரால் நாலு."

"அதெல்லாம் எங்கங்க?"

"துரைக்குள்ள."

அப்பாசாமி ஒரு எட்டு பின்னால் நகர்ந்தான்.

"நேத்து சாயந்திரம் இருந்தான்" என்றார் கோதண்டராமன். "நாங்க ரெண்டு பேரும் கிரிவலம் போயிட்டோம். அவ தெருப் பொம்பளைங்களோட போனா, நான் தனியா போனேன். காலையில வந்து பாத்தா இல்ல. மூச்சு விட அப்பப்ப மேல வருவான். வந்து, வாயத் தொறந்து, காத்தை இழுத்துட்டுப் போவான். கிட்டத்தட்ட பேசறாப்புலயே இருக்கும்."

"பேசும், பேசும்" என்றார் ராஜம்மாள் வராந்தாவிலிருந்து. "பேரன்கிட்ட பேசின பேச்சச் சொல்லுங்க. பொங்கலுக்கு மருமவ தமிழ்செல்வி புள்ளைய எடுத்தாந்தாம்மா. இப்பதான் தத்தித் தத்தி நடக்குது. குளத்தாண்ட போயி அந்த வாத்து பொம்மைய நீட்டிச்சு. பாதி வாத்துதான் வந்துது. கை தப்பிச்சதே மலை மேல இருக்கறவன் புண்ணியம். அன்னிக்கே மெட்ராஸ் பஸ் ஏறிட்டா. மீன் இருக்கற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்னுட்டா. அவ சொன்னது தப்பா? இவரு இன்னா சொன்னாரு தெரியுமா? நான் செத்தாதான் துரை இந்த வீட்ட விட்டுப் போவான்னு, தெருவே கேக்கறாப்புல."

பெரியவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வினோதினிக்குக் கால் விண்விண் என்றது. உட்கார ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். குளத்தங்கரை சிமெண்டில் நாலு வட்டத் துருக்கறைதான் இருந்தது, வருஷக்கணக்காக ஒரு இரும்பு நாற்காலி நின்ற அடையாளம். நாற்காலியைக் காணோம். சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இந்தச் சங்கிலியில இன்னா இருந்துது?"

"எவர்சில்வர் சொம்பு. படியில தட்டினா துரை வந்துடுவான். சாப்பாடுன்னு தெரியும். அதுவும் போச்சு."

"தட்டறது யாரு?"

"காசி. அப்பப்ப நானும்."

"போலீஸுக்குச் சொன்னீங்களா?"

"போலீஸ்லாம் எதுக்கும்மா?" அவசரமாக வந்தது பதில். "மீனே இல்ல, அவன் எதுக்குன்னு காசிய இன்னிலேருந்து வர வேணான்ட்டேன். அதோட போச்சு."

மாடிக் குரல் மறுபடி இறங்கியது. "திருடனுக்கு இவ்ளோ எரக்கம் பாக்கறாரு பாருங்க!"

கோதண்டராமன் அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

* * *

"முடிஞ்சுது மேடம்" என்றான் அப்பாசாமி, ஆட்டோவைத் திருப்பிக்கொண்டே. "பெண் தங்கம், தாயார் வெள்ளி, தகப்பனார் மீன். எழுதிக் குடுத்துட்டுப் போய்த் தூங்குங்க."

தூங்கலாம்தான். 'பெண்ணின் தந்தை திருட்டுப் புகாரில் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்.' ஒரு வரி. அதைப் படித்த பிறகு போளூர்க்காரர்கள் அடுத்த வரியைப் படிக்கமாட்டார்கள். எழுதாமல் விட்டால் இந்தத் தெருவே சொல்லிவிடும், அவள் பொய்க்காரி ஆவாள். எப்படி எழுதினாலும் நாளைக்கு அந்தப் பெண் தலையில் பூ ஏறாது.

தெருமுனை டீக்கடை பெஞ்சில் ஒரு ஆள் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். வலது ஆள்காட்டி விரலில் நுனி இல்லை. பெண்ணின் போட்டோவோடு வந்த குடும்ப போட்டோவில் பார்த்த அதே முகம்.

வினோதினி பெஞ்சில் உட்கார்ந்தாள். கால்கள் அவளுக்கு நன்றி சொல்லின. "காசிதானே? கோதண்டராமன் ஐயா வீட்ல இப்பதான் பேசிட்டு வரோம்."

"திருடன்னு சொன்னாரா?" என்றார் காசி, நிமிராமல்.

"அவர் சொல்லல. மாடியில இருக்கற அம்மாதான் சொன்னாங்க."

"அவரு சொல்ல மாட்டாரு. ஆனா இல்லன்னும் சொல்லலியே. ஒரு வார்த்த, 'காசி அப்படிப்பட்டவன் இல்ல'ன்னா போதும், தெரு வாய மூடிக்கும்." விரலைக் காட்டினார். "இது துரை தின்னது. நான் இன்னாத்துக்கு மேடம் அதத் தூக்கினு போவப் போறேன்? மிச்சத்தையும் குடுக்கவா?"

"நேத்து ராத்திரி எங்க இருந்தீங்க?"

"எங்க ஊரு அடி அண்ணாமலையில, மலைக்கு அந்தப் பக்கம், அன்னதானப் பந்தல்ல சாம்பார் ஊத்திக்கினு இருந்தேன். ஊரே பாத்துது."

"அப்ப அதச் சொல்ல வேண்டியதுதானே?" என்றான் அப்பாசாமி.

"யாரு கேட்டா? வர வேணாம்னாரு, வந்துட்டேன். வீட்டுக்குப் போவணும். போனா எம்பொண்டாட்டி ஜோதி கேப்பா, ஏன் சீக்கிரம் வந்தேன்னு." டீயைக் கீழே வைத்தார். "நாளைக்கு வீட்டுக்கு ஆளுங்க வராங்க மேடம். பொண்ணு விஷயமா. முடிவாவற வரைக்கும் வெளிய சொல்லக் கூடாது, கண்ணு பட்டுடும்னு ஐயாகிட்டக்கூட சொல்லல. தெரிஞ்சிருந்தா ஒருவேள அவரு..." நிறுத்திக்கொண்டார். "அவங்க யாராவது ஆள் வெச்சு விசாரிப்பாங்க இல்ல? அந்த ஆளு இன்னிக்கு மட்டும் இந்தத் தெருவுக்கு வராம இருந்தா போதும்."

வந்துவிட்ட ஆள் செருப்பை மாட்டிக்கொண்டாள். எழுந்து நொண்டிக்கொண்டே ஆட்டோவுக்கு வந்தாள்.

"சாயந்திரம் வரைக்கும் டயம் இருக்கு" என்றாள்.

"தூக்கம்?"

"அது எங்கயும் ஓடாது. யோசி. தின்னறதுக்கு மீன் திருடறவன் சொம்ப ஏன் எடுத்துக்கினு போறான்?"

"குழம்பு ஊத்திக்க."

"அப்பாசாமி."

"சரி மேடம். சொம்பு தட்டினா மீன் வரும். அப்ப எடுத்தவன் மீன உசுரோட வெச்சுக்கப் போறான், தெனம் கூப்பிடப் போறான். உசுரோட கொண்டுபோவணும்னா தண்ணியோட கொண்டுபோவணும். நேத்து பௌர்ணமி, தெரு ரெண்டு பக்கமும் பேரிகேட். ஆம்புலன்ஸும் தண்ணி வண்டியும் தவிர ஒரு சைக்கிள்கூட..." வாயைப் பிளந்தான்.

"மூடு. மீன் மாதிரியே இருக்கு" என்றாள் வினோதினி.

* * *

பேரிகேட் போட்டிருந்த இடத்தில் ஒரு நீர்மோர் கடை. கடைக்காரம்மா பானைமேல் தலை சாய்த்துக் கிடந்தாள். ராத்திரி முழுக்கக் கடை.

"அக்கா, நேத்து இந்தப் பக்கம் தண்ணி வண்டி ஏதாவது வெளிய போச்சா?"

"எத்தினியோ போச்சு, வந்துச்சு." கண்ணைத் திறக்கவே இல்லை. "எல்லாம் பக்தருங்களுக்கு உபயம். குடுத்துக்கினே போவானுங்க. நம்ம மோரு யாருக்கு வேணும்?" சட்டென்று ஒரு கண் திறந்தது. "ஒருத்தன் மட்டும் குடுக்கல."

"குடுக்கலையா?"

"கைப்புள்ளைக்காரி ஒருத்தி பாட்டில நீட்டறா, 'காலி'ங்கறான். நான் இத்தினி பௌர்ணமி பாத்துட்டேன், தண்ணி இல்லன்னு சொன்ன உபய வண்டி அதான் மொத வண்டி. காலின்னா குலுங்கிக்கினு ஓடணும் இல்ல? பின் சக்கரம் அமுங்கிப் போயி, ஆமை மாதிரி போறான். உள்ள தளும்புற சத்தம் எனக்கே கேக்குது. பாவி, அந்தத் தண்ணிய வீட்டுக்கு எடுத்துக்கினு போயி இன்னா பண்ணப் போறான்னு திட்டினேன்."

"வண்டியில பேரு ஏதாவது?"

"அருணாசலான்னு இருந்துது."

"இந்த ஊர்ல அது இல்லாத வண்டி ஏதுக்கா?" என்றான் அப்பாசாமி.

"இரு, சொல்றேன். உபயம்னு துணி கட்டியிருந்தான். காத்துல அது தூக்கிக்கிச்சு. கீழ டேங்க்ல பெயிண்ட்ல எழுதியிருந்துது, ராஜா வாட்டர் சப்ளை, கீழ்பென்னாத்தூர்."

அப்பாசாமி நடக்க ஆரம்பித்தவன் திரும்பினான். "மேடம், மாட்டிக்கக் கூடாதுன்னா நாலு டம்ளர் தண்ணி குடுத்துட்டுப் போயிருக்கலாமே அவன்?"

"குழாயத் தொறந்தா உள்ள இருக்கறவருக்குத் தண்ணி கம்மியாயிடும்" என்றாள் வினோதினி. "ரெண்டு மோர் குடுங்கக்கா."

* * *

கீழ்பென்னாத்தூருக்கு ஆட்டோவில் போவது என்றால் முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போவது. இரண்டு பக்கமும் மணிலாக் கடலை பிடுங்கிய காடு காய்ந்து கிடந்தது. வினோதினி கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கப் பார்த்தாள். ஒவ்வொரு பள்ளமும் எழுப்பிவிட்டது.

ராஜா வாட்டர் சப்ளை ஊருக்கு வெளியே ஒரு ஷெட். பக்கத்தில் வேப்பமரம், அதன் பின்னால் பெரிய வட்டக் கிணறு. வண்டி நிழலில் நின்றது, வண்டிக்கு அடியில் ராஜா தூங்கிக்கொண்டிருந்தான். முப்பது வயசு இருக்கும். அப்பாசாமி அவன் காலைத் தட்டினான்.

"தலைவா, தண்ணி வேணும்."

"காலி" என்றான் ராஜா தூக்கத்திலேயே.

"இதையேதான் நேத்தும் சொன்னியாமே."

ராஜா எழுந்த வேகத்தில் தலை வண்டியில் இடித்தது. வினோதினி நிற்கவில்லை, கிணற்றை நோக்கி நடந்தாள். கிணற்றோரம், வேப்ப நிழலில், ஒரு நாற்காலி போட்டிருந்தது. இரும்புக் கால், பச்சை ஒயர் பின்னல். முதுகுக்கு ஒரு சின்னத் தலையணை கட்டியிருந்தது.

அவள் உட்கார்ந்தாள். அப்பாடா. காலை நீட்டினாள். தண்ணீர் நேர் எதிரே தெரிந்தது, நிழல் முகத்தில் விழுந்தது, காற்று வந்தது. உட்காருவதற்காகவே யாரோ நின்று பார்த்து, நகர்த்தி, மறுபடி நகர்த்திப் போட்ட இடம். அப்படியே கண்ணை மூடியவள், மூடிய கண்ணுக்குள் நாலு வட்டத் துருக்கறையைப் பார்த்தாள்.

குனிந்து நாற்காலிக் காலைப் பார்த்தாள். உருண்டைக் குழாய், அடியெல்லாம் துரு.

நாற்காலிக்குப் பக்கத்தில் எவர்சில்வர் சொம்பு. எடுத்துக் கிணற்றுப் படியில் தட்டினாள். டங், டங்.

கருந்தண்ணீரின் அடியிலிருந்து ஒரு நீள நிழல் எழும்பியது. முதலை மூக்கு ஒன்று மேலே வந்து, வாயைத் திறந்து, ஒரு மிடறு காற்றை இழுத்தது. துரை அவளைப் பார்த்தார், சாப்பாடு இல்லை என்று தெரிந்ததும் மரியாதை இல்லாமல் திரும்பிப் போனார்.

"சாமி!" அப்பாசாமி வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டான்.

"யாருன்னு மட்டும் கேக்காதீங்கக்கா" என்றான் ராஜா. தலையைத் தடவிக்கொண்டிருந்தான். "சத்தியம் வாங்கிட்டாங்க. நான் எதையும் திருடல."

"காசியா?" என்றான் அப்பாசாமி. "அந்த அம்மாவா? மேடம், ராஜம்மாள்தான். பாதி வாத்தப் பத்திரமா வெச்சிருக்காங்களே, அந்தக் கோவம் ஒண்ணு போதும்."

"அந்தம்மா எடுத்திருந்தா துரைய குழம்புல தேடியிருக்கணும். முதுகுக்குத் தலையணை கட்டி நாற்காலி போட்டிருக்க மாட்டாங்க." வினோதினி எழ மனசில்லாமல் எழுந்தாள். "திருடின பொருளுக்கு எதிர்ல உக்காந்து பாக்கறதுக்கு நாற்காலியையும் சேத்துத் திருடினவன நீ பாத்திருக்கியா? வேலைக்காரன் தட்டிட்டு, தீனி போட்டுட்டுப் போவான். உக்காந்து பாக்கறவரு ஒருத்தர்தான்."

"ஐயாவா? அவரு நேத்து கிரிவலம் போனாரே மேடம்!"

"போனாரு இல்ல?" அவள் தன் பாதத்தைப் பார்த்தாள். பெருவிரலடியில் கொப்புளம் உடைந்திருந்தது. "அதுதான் இடிக்குது. பழகின காலா இருக்குமோ என்னவோ. ஒரே ஒரு கேள்வி பாக்கி. அதையும் அவர்கிட்ட கேக்கப் போறதில்ல."

* * *

ராஜம்மாள் இன்னும் வராந்தாவில்தான் இருந்தார். பேசின் தண்ணீரை மாற்றியிருந்தார். கோதண்டராமன் தோட்டத்துக் கோடியில் வெறுங்குளத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"வலி ஜாஸ்தியாம்மா?" என்றாள் வினோதினி, பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டே.

"ஒவ்வொரு பௌர்ணமியும் இதே கததான். உப்புப் போட்டு வெந்நீர்ல வெச்சாதான் மறுநா நடக்க முடியும்."

"ஐயா காலு மட்டும் எப்படி இப்படி உறுதியா இருக்கு? பழகிடுச்சோ?"

"யாரு, இவரா?" ராஜம்மாள் சிரித்தார். "எனக்காச்சும் ஒரு பேசின். இவரு கட்டில்லயே கெடப்பாரு, காப்பிகூட அங்கதான்..."

சிரிப்பு பாதியில் நின்றது. அந்த அம்மாளின் கண் பக்கத்திலிருந்த இரண்டாவது பேசினுக்குப் போயிற்று. காலையில் ஊற்றிய தண்ணீர், இப்போது ஜில்லிட்டு, அதில் ஒரு வேப்பிலை மிதந்தது.

வினோதினி எழுந்து ஜல்லிப் பாதையில் நடந்து பெரியவரிடம் போனாள். கிணற்றோரத்திலிருந்து எடுத்து வந்த சொம்பைக் குளத்துப் படியில் வைத்தாள்.

கோதண்டராமன் அதையே பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான். "நல்லா இருக்கானா?"

"இருக்கார். பசியோட இருக்கார்."

"வெய்யிலுக்கு மேல ஓலை போடச் சொன்னேன், போட்டானா?"

"ஐயா" என்றான் அப்பாசாமி, "நீங்க திருடனுக்கே பொருத்தமில்லாத ஆளு."

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பேரன் வரணும்மா. துரை இருந்தா வரமாட்டான். எனக்கும் அது புரியாம இல்ல. ஆனா நான் செத்தாதான்னு தெருவக் கூட்டிச் சொல்லிட்டேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கினு நானே அனுப்பறது? திருட்டுப் போனா யாரும் யாருகிட்டயும் தோக்கல. அதான் ராஜாவப் புடிச்சு..."

"காசி?"

"அவன் பேர நான் சொல்லலியே! ஒரு தடவகூட சொல்லல."

"சொல்லல. இல்லன்னும் சொல்லல. சாம்பார் ஊத்திக்கினு இருந்த மனுஷன ஊர் திருடன்னுது, நீங்க தண்ணியப் பாத்துக்கினு நின்னீங்க."

"நாலு நாள்ல மறந்துடுவாங்க. அப்புறம் கூப்புட்டு வேற வேல குடுக்கலாம்னு..."

"நாலு நாள் இல்லீங்க. நாளைக்கு." வினோதினிக்கு அலுத்துப் போயிருந்தது. அந்த அலுப்பில் தொழிலில் செய்யவே கூடாத ஒரு காரியத்தைச் செய்தாள், உண்மையைச் சொன்னாள். "நான் லாட்ஜ்காரி இல்ல. கல்யாண விசாரணைக்கு வந்தவ. காசி பொண்ணுக்கு நாளைக்குப் பூ வைக்க வராங்க. முடிவாவாம வெளிய சொல்லக் கூடாதுன்னு அவர் உங்ககிட்டயே சொல்லல. தகப்பன் எப்படின்னு இன்னிக்கு சாயந்திரம் நான் எழுதிக் குடுக்கணும்."

கோதண்டராமன் உட்கார இடம் தேடினார். அவருடைய நாற்காலி கீழ்பென்னாத்தூரில் இருந்தது.

"மணிமொழிக்கா?" என்றார். "எனக்கு ஊசி போட வருமே, அந்தப் பொண்ணுக்கா?" அப்புறம் அவசரமாக, "காரை எடுக்கறேன். இப்பவே போயி அவன் கையப் புடிச்சு..."

"கார்ல போனா அவருக்கு மட்டும்தான் தெரியும். திருடன்னு சொன்னது தெரு. காசி வீடு அடி அண்ணாமலையில. நேத்து நீங்க சுத்தாத மலைதான், பாதி சுத்து. நடந்து போங்க. கேக்கறவங்களுக்கெல்லாம் சொல்லிக்கினே போங்க, மீனை எடுத்தது நான்தான்னு."

"இந்த வெய்யில்லயா?"

"ஆமாங்க."

பெரியவர் மனைவி இருந்த பக்கம் திரும்பினார். ராஜம்மாள் பேசினிலிருந்து கால்களை எடுத்து, புடவை நுனியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ராஜம், நான் வந்து..."

"தெரியும்" என்றார் ராஜம்மாள்.

ராஜம்மாள் புடவை நுனியை உதறினார்.

"காலையிலயே தெரியும். ரெண்டு பேருக்கும் வெந்நீர் போட்டேன், வேணாம்னீங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து நீங்க வேணாம்னதில்ல. அப்பவே புரிஞ்சுது நீங்க நடக்கலன்னு. மீன் போனா போதும், புள்ள வரட்டும்னு நானும் வாய மூடிக்கினேன். மேல அவ திருடன் திருடன்னு கத்தறா, நான் கால நனைச்சுக்கினு உக்காந்திருந்தேன்." சுவரைப் பிடித்து எழுந்து நின்றார். முகம் வலியில் கோணியது. "நடங்க. நானும் வரேன்."

"நீ எப்படி நடப்ப?"

"நொண்டிக்கினு."

வாசலைத் தாண்டியதும் மாடிப் பெண் எட்டிப் பார்த்தாள். "ஐயா, எங்க இந்த வெய்யில்ல? திருடன் கெடைச்சுட்டானா?"

கோதண்டராமன் நின்றார். தலையைத் தூக்கினார். துரையைப் பற்றி அன்றைக்குச் சபதம் செய்தாரே, ஏறத்தாழ அதே குரலில் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"கெடைச்சுட்டாம்மா. நான்தான். காசி மேல ஒரு தப்பும் இல்ல. அவன் பேர யாராவது எடுத்தீங்கன்னா என்கிட்ட வந்து பேசுங்க."

காபி கடை வெள்ளைக்காரர் ஒன்றும் புரியாமல் எழுந்து கும்பிட்டார்.

இரண்டு பேரும் மலைச்சுற்றுப் பாதைப் பக்கம் திரும்பினார்கள். ஒருவர் நேராக, ஒருவர் நொண்டியபடி. முதல் வளைவில் பெரியவர் தன் வேகத்தைக் குறைத்து, மனைவி கையைப் பிடித்துக்கொண்டது தெரிந்தது. அந்த வளைவிலேயே யாரோ நிறுத்தி ஏதோ கேட்க, அவர் மறுபடி தன் மார்பைத் தட்டிக் காட்டினார்.

வினோதினி ஆட்டோ பின்சீட்டில் காலைத் தூக்கிப் போட்டுப் படுத்தாள்.

"மேடம், அறிக்கையில தகப்பனாருக்கு இன்னான்னு போடறது? பெண் தங்கம், தாயார் வெள்ளி..."

"தகப்பனார் எவர்சில்வர்னு போடு. கறை படியாது."

அப்பாசாமி சாவியைத் திருகினான். "பெரியவர் போயிச் சேருவாரா மேடம்? லாரி டயர்னு சொன்னேனே, அது புது டயரு. ரோட்டுல எறங்கினதே இல்ல."

கண்ணாடியில் பார்த்தான். வாய் லேசாகத் திறந்திருக்க, காற்றை இழுத்து இழுத்து விட்டபடி, வினோதினி தூங்கிப் போயிருந்தாள்.

நாளைக்கு அந்த வீட்டு வராந்தாவில் இரண்டு பேசினிலும் கால் இருக்கும்.